அழைப்பவர் நிற்கும் இடம்

நம் முகவரியைப் பிறர்க்கு எழுதித் தருகையில் யாருடைய இடத்தில் நின்று எழுதுகிறோம்? நம் இடத்திலா, அவர் இடத்திலா? சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும் பிறரன்பைப் பற்றிய பெரிய வினா ஒன்று இதனுள் அடங்கியிருக்கிறது. தொலைபேசி எண்ணைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

சென்னையின் தரைவழித் தொலைபேசியை வெளியூரிலிருந்து அழைப்போர் 044 என்று தொடங்குவர். இந்தியாவிலிருந்து பிரித்தானியாவை அழைப்போர் 0044 என்று தொடங்குவர். வேறுபாடு ஒரே ஒரு சுழியம்! 044-இல் உள்ள சுழியம் சென்னைக்கு உரியதன்று. நாட்டுக்குள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் வாயில் அது. ஆகவே, இலண்டனிலிருந்து அழைப்பவர் அதனை விடுத்து, 00 91 44 என்றே தொடங்க வேண்டும். 044 என்று மட்டும் அச்சிட்ட துக்க அறிவிப்பு, படிப்போர் அனைவரும் இந்நாட்டிலேயே இருப்பதாகக் கொள்கிறது. அதில் தீய எண்ணம் ஏதுமில்லை. தொலைவில் இருப்பவர் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே. ஆனால், தாயின் இறுதிச் செய்தியறிந்து கடலுக்கு அப்பால் நள்ளிரவில் தவிக்கும் மகனுக்கு அந்த மறதி சிறிதன்று. அன்பின் குறைகளுள் பெரும்பாலானவை பகையினால் அல்ல, இத்தகைய மறதியினாலேயே விளைகின்றன.

நாட்டைவிட்டு வெளிச்செல்லும் வாயிலும் எங்கும் ஒன்றன்று. இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 00, அமெரிக்காவிலும் கனடாவிலும் 011, ஜப்பானில் 010. இதனாலேயே கூட்டல் குறியிட்டு +91 என எழுதும் முறை ஏற்பட்டது. 'உம் நாட்டு வாயில் எதுவோ அதனை இங்கு இட்டுக்கொள்க' என்பதே அக்குறியின் பொருள். அழைப்பவர் எங்கிருக்கிறார் என்பதை நாம் அறியோம்; அறியாததனால் அவருக்கென ஓர் இடம் விட்டு வைக்கிறோம்.

அவ்வாறாயின், ஊர் எண்ணின் சுழியத்தை எங்கும் நீக்கிவிடலாமா? அதுவும் ஆகாது. இத்தாலியில் 1998 முதல் அச்சுழியம் எண்ணின் பிரிக்கலாகாத பகுதியாயிற்று. உரோமையை அழைப்பவர் 39 06 என்றே தொடங்க வேண்டும். வத்திக்கானுக்கும் அதுவே வழி. அதற்கென 379 ஒதுக்கப்பட்டிருந்தும் அவ்வெண் பயன்பாட்டுக்கு வரவில்லை. நம் வீட்டு விதியை அயலார் வீட்டில் நடத்தாமல் அவர் வழக்கத்தைக் கேட்டறிவதும் அன்பின் கடமையே.

பிறர் இடத்தில் நின்று பார்ப்பதென்றால் தன்னையே அழித்துக்கொள்வதா என்று சிலர் வினவலாம். அன்று. 2008-இல் தன்னுரிமை அறிவித்த கொசோவோ, தரைவழித் தொலைபேசிக்குச் செர்பியாவின் 381-ஐயும், கைப்பேசிக்கு மொனாக்கோவின் 377, சுலோவேனியாவின் 386 ஆகியவற்றையும் நம்பியிருந்தது. 2016-இல்தான் 383 என்னும் தனிக் குறியீடு அதற்கு ஒதுக்கப்பட்டது. தம் சொந்த எண்ணால் அழைக்கப்பட ஒரு மக்கள் விழைவது வீண்பெருமை ஆகாது. சென்னையின் எண்ணும் அயல்நாட்டவர்க்காகச் சுழியத்தை இழக்கும்போது 91 என்னும் தன் நாட்டின் அடையாளத்தைப் பெறுகிறது. தனக்குள் மட்டும் பொருள்படுவதை விட்டு, எவரும் வந்தடையும் வகையில் தன்னை அறிவித்துக்கொள்கிறது.

அன்பு செய்பவர் தம்மை இழப்பதில்லை. தம் வாயிலைப் பிறர் வரும் திசையிலிருந்து பார்க்கக் கற்கிறார். நம் வீட்டு அறிவிப்புகளிலும் பங்கின் அறிவிப்புகளிலும் அத்திசை நம் கண்ணில் படுகிறதா?