அபயதானமும் கடற்காவலரும்

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானங்களை நான்காக வகுத்தனர் நம் ஆசாரியர்கள். முதல் மூன்றும் நம் இல்லங்களில் இயன்ற அளவு நடைபெறுகின்றன. அஞ்சும் உயிரின் அச்சத்தை நீக்கும் அபயதானம் மட்டும், புலால் மறுத்த அளவிலேயே நிறைவேறிவிட்டதாகக் கருதப்படுகிறது. கொல்லாதிருத்தல் மட்டும் போதுமா? காத்தலும் நம் கடனா?

தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கற்களைச் சூழ்ந்து நிற்கும் கடல், பாக் விரிகுடாவைச் சேர்ந்தது. அவ்விரிகுடாவின் ஆழம் குறைந்த இடங்களில் வளரும் கடற்புல்லை மேய்ந்து வாழ்வது, ஆவுளியா என்று மீனவர் வழங்கும் கடற்பசு. ஐம்பொறிகளும் வாய்ந்த இச்சாதுப் பிராணி, ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு கன்றே ஈன்று பாலூட்டும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டி மடியும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கொல்வதைத் தடுக்கிறது. 2022இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

சட்டம் தானே கடலில் இறங்கிக் காவாது. மனிதரே காத்தல் வேண்டும். வனத்துறையினர் ரோந்து செல்கின்றனர். தஞ்சைக் கடற்கரையில் ஓம்கார் என்னும் தொண்டு நிறுவனத்தார், மூங்கிற்சட்டத்தில் தென்னை நார்க்கயிறு கட்டி, அதிற் கடற்புல் நாற்றைப் பிணைத்துக் கடலடியில் நட்டுள்ளனர். ஓரறிவுயிரைப் பேணி ஐயறிவுயிரை வாழ்விக்கும் பணி இது.

எனினும், இவர்களது உழைப்பு பலிப்பது மீனவர் கையிலேதான். வலையை அறுத்தால் கடற்பசு பிழைக்கும்; வலையோ அம்மீனவரின் பிழைப்பு. அவ்வாறு விடுவித்தோர் இக்கரையில் உளர். அரசு அவர்களுக்குப் பரிசளித்துப் பாராட்டியும் உள்ளது.

“ஆயிரம் மீனைக் கொல்பவர் ஒன்றை விடுவதில் என்ன அறம்?” என நம்மவர் வினவக்கூடும். மிருகசேனன் கதையை அவர்கள் நினைவுகூர்க. முனிவரிடம் அச்செம்படவன் ஏற்ற விரதம், வலையில் முதலில் விழும் மீனை விடுவது ஒன்றே. ஐந்து முறையும் அதே மீன் அகப்பட, ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையோடு திரும்பி மனைவியின் சினத்திற்கு ஆளானான். அச்சிறு விரதமே மறுபிறவியில் அவனை ஐந்து முறை மரணத்தினின்று காத்தது. முனிவர் அவனை இகழவில்லை. அவன் நின்ற படியிலிருந்தே மேலேற்றினார்.

நாமோ வழிவழியாய் உழவர். ஏர்முனையில் மடியும் உயிர்களை நம் நூல்கள் மறைக்கவில்லை. உழவும் மீன்பிடித்தலும் ஒன்றென யாம் கூறவில்லை; சங்கல்ப ஹிம்சைக்கும் உத்யோக ஹிம்சைக்கும் வேறுபாடு உண்டு. ஆயினும், பிறப்பால் வந்த புலால் மறுப்புக்கு நாம் கொடுத்த விலை யாது? வலையை இழந்து ஓர் உயிரை விடுபவன் கொடுத்த விலை யாது? இதனை எடைபோட்டுப் பார்த்தால் நம் செருக்கு அடங்கும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவழியிலும் வினை வந்து சேரும் என்பது நம் சமயம். தீவினைக்கு உள்ள இவ்விதி நல்வினைக்கும் உரியதே. கடலில் இறங்க இயலாத நாம், வருகின்ற தசலக்ஷண நாட்களில் அபயதானத்தின் பெயரால் ஒரு தொகையை ஒதுக்கி, இக்காவற்பணிக்கோ, வலை இழந்த மீனவர் குடும்பத்திற்கோ அளிப்போமாக. நான்காவது தானமும் அப்போது நம் இல்லங்களில் வழக்கிற்கு வரும்.