யாரிடமிருந்து யாரை?

என் மகனுக்கு வயது இருபத்தாறு. மென்பொருள் வேலை. வீட்டுக்குக் கொடுத்தது, சேமித்தது போக மிஞ்சுகிற சம்பளம் பெரும்பாலும் லெகோ பெட்டியாகத்தான் வீடு வந்து சேர்கிறது. ஹால் சுவரில் ஆசாரி அடித்துக் கொடுத்த திறந்த அலமாரியில் தாஜ்மஹால் நிற்கிறது, 5,923 துண்டுகள். அதற்குக் கீழ்த் தட்டில் டைட்டானிக். 9,090 துண்டுகள், முழு நீளம் 135 சென்டிமீட்டர். அதே வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டியை அவனேதான் தூக்கிக்கொண்டு வந்தான். ஆக, வழக்கில் இரண்டு தரப்பும் அவனுடையவைதான்.

டைட்டானிக்குக்குப் பனிப்பாறை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு விடியற்காலையில் அதன் புகைபோக்கி தரையில் உருண்ட சத்தத்தில்தான் வீடு விழித்தது. விஷயம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனதும் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. "சாக்குல கட்டி மீன் மார்க்கெட்ல விட்டுட்டு வந்துடுங்க அண்ணி, அங்கயே பொழைச்சுக்கும்" என்றாள் நாத்தனார். "கழுதை வயசாகுது, இன்னும் என்ன பொம்மை? எல்லாத்தையும் யாராவது குழந்தைங்களுக்குக் குடுத்துடச் சொல்லு" என்றார் என் அண்ணன். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று நாத்தனாரிடம் நான் சொல்லவில்லை. குடும்பக் குழுவில் சட்டம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. ஆனால் இரண்டு பேருடைய யோசனையும் அடியில் ஒன்றேதான் என்று பட்டது. வீட்டில் இரண்டு பிரியங்கள் மோதினால் ஒன்றை வெளியே தள்ளிவிடு என்பது. இந்த யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. மாமியார், மருமகள், படிக்கிற பிள்ளை, பாட்டு கேட்கிற தாத்தா என்று இரண்டு அறை வீட்டில் எல்லோரும் வாழ்ந்தது யாரையும் தள்ளாமல்தானே.

பூனை ஏன் தள்ளுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அதற்கு நம்மீது வன்மம் எதுவும் இல்லை. உயரத்தில் இருந்தால் பூனைக்கு நிம்மதி. அங்கிருந்து எல்லாம் தெரியும், எதுவும் அதை நெருங்க முடியாது. விடியலும் அந்தியும் அது வேட்டையாடும் நேரம். விளிம்பில் இருக்கிற சின்னப் பொருளை முன்னங்காலால் தட்டிப் பார்ப்பது, அசைகிறதா, உயிர் இருக்கிறதா என்று சோதிக்கிற பழைய வேட்டைப் பழக்கம். பொருள் உருண்டால் அதற்குச் சந்தோஷம். அந்தச் சத்தம் கேட்டு நாம் அலறியடித்து ஓடிவந்தால் இரட்டிப்புச் சந்தோஷம். ராத்திரி முழுக்கத் தூங்கித் தொலைத்த மனிதர்களை எழுப்ப ஒரு புகைபோக்கி போதும் என்று அது கற்றுக்கொண்டுவிடுகிறது. தண்ணீர் பீய்ச்சி விரட்டினால் அலமாரிக்குப் பயப்படாது, நமக்குத்தான் பயப்படும். ஆரஞ்சுத் தோல் வைத்தால் இரண்டு நாள் முகம் சுளிக்கும், அவ்வளவுதான். அந்த வாசனைக்காக எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களைத் தெளிக்கிறவர்கள் உண்டு. அதை மட்டும் செய்ய வேண்டாம். பூனையின் கல்லீரலுக்கு அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் குறைவு. நமக்கு வாசனையாக இருப்பது அதற்கு விஷம்.

நாய் வேறு ரகம். பல் முளைக்கிற குட்டி நாய்க்கு மூன்று மாதத்திலிருந்து ஆறேழு மாதம்வரை எதையாவது கடித்தே ஆகவேண்டும். முயலுக்கோ பல் ஆயுள் முழுக்க வளர்கிறது. கூண்டுக்கு வெளியே விட்ட காக்கட்டீல் அலகால் கொத்திப் பார்க்கும். (பச்சைக்கிளி இந்தப் பட்டியலில் வராது. நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பதே சட்டப்படி குற்றம்.) சேகரிப்பவர்கள் பூனையைவிட நாய்க்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. லெகோ அச்சுகளின் துல்லியம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு துண்டு இன்னொன்றை இறுக்கிப் பிடிப்பதும், கேட்டால் விடுவதும் அந்தத் துல்லியத்தால்தான். அதன்மேல் ஒரு கோரைப் பல் பதிந்துவிட்டால் பிறகு அது எதையும் பிடிக்காது. பூனை கலைத்ததைச் சேர்க்கலாம். நாய் கடித்ததைத் தூக்கித்தான் போடவேண்டும்.

இங்கேதான் எனக்கு எங்கள் வீட்டுக் கொலு ஞாபகத்துக்கு வருகிறது. மாமியார் காலத்துப் பண்ருட்டி பொம்மைகள், களிமண்ணும் காகிதக் கூழும். கீழே விழுந்தால் விழுந்ததுதான். கை ஒடிந்த பொம்மையைப் படியில் வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் நவராத்திரி முழுக்கப் பூனைக்கு ஹாலில் அனுமதி கிடையாது, படுக்கையறைதான். அதில் எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை. ஆனால் படிக்குக் கீழே தரையில் போடுகிற பார்க்கில் இப்போதெல்லாம் மகனுடைய லெகோ மரங்களும் வீடுகளும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ராகி முளைப்பாரிக்குப் பக்கத்தில் ஒரு டென்மார்க் தபால் வண்டி. ஒரே கொலுவில் இரண்டு வகைப் பொருள்: ஒன்று உடைந்தால் போயிற்று, மற்றது உடைவதற்கென்றே செய்தது.

1958 ஜனவரி 28 அன்று டென்மார்க்கின் பில்லுண்டிலிருந்து லெகோ நிறுவனத்தின் கோட்ஃப்ரெட் கிர்க் கிறிஸ்டியன்சன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது ஒரு வீட்டுக்கோ கப்பலுக்கோ அல்ல. பிரித்தால் மறுபடி சேருகிற ஓர் இணைப்புக்கு. எட்டுக் குமிழ் உள்ள, ஒரே நிறச் செங்கற்கள் ஆறு இருந்தால் 91 கோடியே 51 லட்சத்துக்கும் அதிகமான வகைகளில் இணைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை வகையில் ஒன்றைக் கட்டி, அதைத் தொடாதே என்று காவல் நிற்பது விநோதம்தான். அந்தச் செங்கல்லின் ஆயுளைப் பார்த்தாலும் காவல் தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது. 1997 பிப்ரவரியில் டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற சரக்குக் கப்பலை இங்கிலாந்தின் தென்மேற்கு முனையருகே ஒரு பேரலை சாய்த்தது. 62 கன்டெய்னர்கள் கடலில் போயின. அவற்றில் ஒன்றில் இருந்தவை ஏறக்குறைய 48 லட்சம் லெகோ துண்டுகள். கார்ன்வால் கடற்கரைகளில் அவை இன்னமும் கரை ஒதுங்குகின்றன. கடலில் ஒரு லெகோ செங்கல் 100 முதல் 1,300 வருடம்வரை தாங்கலாம் என்று பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020இல் கணக்குப் போட்டது. வீட்டுப் பூனை நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடம் இருக்கும்.

செங்கல்லுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று மகனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்தது. "பீஸ் ஒண்ணும் ஆகலன்னு எனக்கும் தெரியும்மா. கட்டி முடிச்சதுக்கு அப்புறம் அது பீஸ் இல்ல. நான் தூங்காம உட்கார்ந்த ராத்திரிங்க" என்றான். மறுக்க முடியவில்லை. பொருளுக்குச் சேதமில்லை என்பதால் மனிதனுக்கு நஷ்டமில்லை என்று ஆகிவிடாது. பெரிய கோலம் போட்டு நிமிர்வதற்குள் யாராவது மிதித்துவிட்டால், மாவு என்ன விலை என்றா பார்ப்போம்? "பூனைதானே, விடு" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களை எனக்கும் பிடிக்காது. அவர்கள் எதையும் உட்கார்ந்து செய்து பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

ஆனால் முடித்ததைக் காப்பாற்றும் ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லெகோவை வைத்தே ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். 2014இல் வந்த 'தி லெகோ மூவி'யில் வில்லனுடைய பயங்கர ஆயுதம் ஒரு பசைக் குழாய். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் ஒட்டிவிட வேண்டும் என்பது அவன் லட்சியம். அந்த வில்லன் உண்மையில் யார் என்றால், மகனைத் தொடவிடாமல் நிலவறையில் நகரம் கட்டி வைத்திருக்கிற ஓர் அப்பா. லெகோலாந்து பூங்காக்களில் வெயிலிலும் மழையிலும் நிற்கிற சிறு நகரங்களை ஒட்டித்தான் வைக்கிறார்கள். அது வேறு தேவை. வீட்டில், பூனைக்குப் பயந்து பசை போடுவது பூனை செய்யாத சேதத்தை நாமே செய்துகொள்வது.

என் தலைமுறைக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். எண்பதுகளில் நடுத்தர வீடுகளின் ஹாலில் ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கும். உள்ளே யாரும் டீ குடித்தறியாத பீங்கான் கோப்பைகள், கவரோடு ஒரு பொம்மை, பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசு ஒன்று. சாவி அம்மாவிடம். விருந்தாளி வந்தால் பார்க்கலாம், குழந்தைகள் தொடக்கூடாது. அந்தக் கோப்பைகள் கடைசியில் என்ன ஆயின என்று எனக்குத் தெரியும். வீடு மாற்றியபோது செய்தித்தாளில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டியில் போனவை, அந்தப் பெட்டியிலேயே இருக்கின்றன. மகன் திறந்த அலமாரிதான் வேண்டும் என்றபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது.

லெகோவின் சொந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. 1924இல், பின்னால் லெகோவைத் தொடங்கிய தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சனின் பட்டறை எரிந்து சாம்பலானது. மரச்சீவலில் தீ பற்றவைத்தது அவருடைய இரண்டு குட்டிப் பையன்கள். அதில் ஒரு பையன்தான் பின்னால் அந்தக் காப்புரிமை வாங்கிய கோட்ஃப்ரெட். பட்டறையையே கொளுத்திய பிள்ளைகளை அந்த மனிதர் எந்த மீன் மார்க்கெட்டிலும் விட்டுவிட்டு வரவில்லை.

இத்தனையும் யோசித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகத் தோன்றியது. நாம் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பூனையிடமிருந்து லெகோவைக் காப்பது எப்படி என்பது இரண்டாவது கேள்வி. லெகோவிடமிருந்து பூனையைக் காப்பது எப்படி என்பதுதான் முதலாவது. 2018இல் குழந்தை மருத்துவர்கள் ஆறு பேர் லெகோ மனிதனின் தலையைத் தாங்களே விழுங்கி, எத்தனை நாளில் வெளியே வருகிறது என்று பார்த்தார்கள். சராசரி 1.71 நாள், ஒருவருடையது கடைசிவரை அகப்படவில்லை. சிரிக்கலாம், ஆனால் அது வளர்ந்த மனிதர்களின் குடல். பூனையினுடையது அதைவிட எவ்வளவோ குறுகல். செங்கல்லைவிட ஆபத்து அதோடு வருகிற நூல், ரப்பர் வளையம், குட்டி மனிதனின் துணி அங்கி இவற்றில் இருக்கிறது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. நூல் ஒருமுறை வாய்க்குள் போனால் துப்ப வராது, உள்ளேதான் இழுக்கும். அதன் ஒரு முனை குடலில் சிக்கிக்கொண்டால், மறுமுனை இழுபட இழுபடக் குடலே சுருக்கம் சுருக்கமாகக் கூடி அறுபடும். ஒளிரும் செங்கல்லுக்குள் பொத்தான் பேட்டரி இருக்கிறது. பழைய ரயில் பெட்டிகளில் காந்தம் இருக்கிறது. இரண்டு காந்தம் உள்ளே போனால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தனியாக வாங்கி ஒட்டுகிற விளக்கு வயர்கள் மயிரிழை மாதிரி. பூனை கடிப்பதற்கென்றே செய்தது போல இருக்கும்.

எங்கள் வீட்டில் கடைசியில் வந்த ஏற்பாடு ஒன்றும் பிரமாதமில்லை. அலமாரிக்கு நகர்த்துகிற கண்ணாடிக் கதவு போட்டாயிற்று. எனக்குப் பிடிக்காத ஷோகேஸ்தான்; ஆனால் பூட்டு கிடையாது, யாரும் திறந்து எடுக்கலாம். பெரிய செட் ஒன்றின் விலையோடு பார்த்தால் கதவுச் செலவு பெரிதல்ல. அலமாரியை எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு பிணைத்தோம். பூனை குதிக்கிற வேகத்தில் மொத்தமும் சாய்ந்தால் அடியில் நிற்பது யார் என்று தெரியாதே. உச்சித் தட்டு முழுக்கப் பூனைக்கு, பழைய போர்வை போட்டு. உயரம் வேண்டும் என்கிற பிராணிக்கு உயரத்தைக் கொடுத்துவிட்டால் மற்ற தட்டுகளில் அதற்கு அக்கறை குறைந்துவிடுகிறது. இருட்டுகிற நேரத்தில் மகன் அதோடு சற்று ஓடியாடி விளையாடி, பிறகு சோறு வைக்கிறான். புகைபோக்கி உருளும் சத்தம் இப்போது கேட்பதில்லை. முடி மட்டும் எப்படியோ கண்ணாடி இடுக்கு வழியாகவும் உள்ளே போய்விடுகிறது. அதற்கு மேக்கப் பிரஷ் போதும். கழுவுவதானால் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது. கட்டும்போது மட்டும் அறைக் கதவு சாத்தியிருக்கும். கட்டி எழுந்ததும் தரையைப் பார்த்துவிட்டுத்தான் கதவு திறக்க வேண்டும் என்பது நான் போட்ட ஒரே சட்டம்.

வீட்டில் பிராணியும் இந்தப் பொம்மைகளும் சேர்ந்து இருக்கிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பூனையோ நாயோ வாந்தி எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் ஒடுங்கிப் படுத்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வீட்டு வைத்தியமாக உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்திலிருக்கும் கால்நடை மருத்துவரின் எண்ணை இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது, காணாமல் போன துண்டைப் போலவே இன்னொன்று இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் எக்ஸ்-ரேயில் தெளிவாகத் தெரியாது. எதைத் தேடுகிறோம் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.