வேஷமும் முகமும்

வெள்ளவத்தையில் ஒரு சிறுவர் விழா. வினோத உடைப் போட்டிக்காக ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை இந்தியத் தொலைக்காட்சித் தொடரொன்றின் கதாநாயகியாகவே மாற்றியிருந்தார்கள். வாடகைக்கு எடுத்த பட்டுப் பாவாடை, கல் நகைகள், ஒட்டிய இமைமயிர். முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் தடித்த வெள்ளைப் பூச்சு. முதற்பரிசும் கிடைத்தது. மாலையில் முகம் கழுவத் தாயார் அழைத்தபோது பிள்ளை விம்மி அழத் தொடங்கினாள். "கழுவினால் நான் திரும்பவும் கறுப்பாகிவிடுவேன், அம்மா" என்றாள். சில நாட்களின் பின் அந்தத் தாயார் என்னிடம் வந்து, "சுவாமி, இப்படி வேஷம் போடுவது பாவமா?" என்று கேட்டார்.

அன்பார்ந்த வாசகர்களே, இக்கேள்வியை நாம் சற்றுச் சிந்தித்துப் பார்ப்பது நன்று.

வேஷம் போடுவதே பொய் என்று எண்ணியவர்கள் திருச்சபையில் இருந்ததுண்டு. ஏறக்குறைய கி.பி. 200ஆம் ஆண்டளவில் எழுதிய தெர்த்துலியன், கடவுள் தந்த முகத்தின்மேல் வேறொரு முகத்தைப் பூசுவதைக் கடுமையாகக் கண்டித்தார். கிறிஸ்தவர்கள் நாடக அரங்குகளின் பக்கமே போகலாகாது என்றார். ஆண்டவர் பரிசேயரைக் கண்டிக்கப் பயன்படுத்திய 'வெளிவேடக்காரர்' என்ற சொல்லும், கிரேக்க மூலத்தில் நடிகனைக் குறிக்கும் சொல்லேயாகும்.

ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவீனாஸ் இதனை நிதானமாக ஆராய்ந்தார். மனிதரின் மனத்துக்கு இளைப்பாறுதல் தரும் நடிகனின் தொழில், அளவோடும் ஒழுங்கோடும் நடைபெறின், தன்னிலே பாவமன்று என்பது அவர் முடிவு. இல்லாத புண்ணியத்தை உள்ளதுபோற் காட்டி மற்றவரை ஏமாற்றுவதே வெளிவேடம். மேடையில் அரசனாக நிற்பவன் யாரையும் ஏமாற்றவில்லை. அவன் யாரென்பது பார்ப்பவருக்குத் தெரியும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களிலும் நம் முன்னோர் அரிதாரம் பூசி, முடி தரித்து, விடிய விடிய ஆடிய நாட்டுக்கூத்துக்கள் புனிதர்களின் சரிதைகளை எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் போதித்தன அன்றோ? மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் ஆண்டவரின் பாடுகளையே மேடையேற்றியது. ஆகவே வேஷத்தில் தன்னளவில் குற்றமில்லை.

அப்படியானால் குற்றம் எங்கே பிறக்கிறது? வேஷம் எது, முகம் எது என்ற நினைவு அழியும் இடத்திலே.

1987 ஜனவரியில் இந்தியாவின் தூரதர்ஷன் ராமானந்த சாகரின் இராமாயணத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. ஞாயிறு காலைகளில் மக்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலை சூட்டி, ஊதுவத்தி ஏற்றினார்கள். இராமராக நடித்த அருண் கோவிலையும் சீதையாக நடித்த தீபிகா சிக்லியாவையும் நேரில் கண்டவர்கள் காலில் விழுந்தார்கள். தீபிகா 1991இலும் அருண் கோவில் 2024இலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள்.

நாம் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். 1977இல் பிராங்கோ செபிரெல்லியின் 'நாசரேத்து இயேசு' தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தது. ஆண்டவராக நடித்தவர் ரொபர்ட் பவல் என்ற ஆங்கில நடிகர். நீலக் கண்கள், வெளுத்த மேனி, அபூர்வமாகவே இமைக்கும் பார்வை. அந்த முகம் பக்திப் படமாக அச்சிடப்பட்டு நாடெங்கும் பரவியது. கொட்டாஞ்சேனையில் வீடு மந்திரிக்கப் போகையில் அதன் முன் நின்று நானே ஜெபித்திருக்கிறேன். அந்த ஜெபம் வீண் போயிருக்காது. இறைவன் உள்ளத்தையே பார்க்கிறார். ஆனால் மேற்காசியாவின் வெயிலில் நடந்து திரிந்த யூதரான நம் ஆண்டவரை அந்த நிறத்திலேயே பார்த்து வளரும் குழந்தை, பரிசுத்தம் என்றால் வெள்ளை என்று எண்ணிக்கொள்ளாதா?

சுவரில் தொங்கும் படம் மட்டுமா? தொடர்களின் கதாநாயகிகளும் அந்நிறமே. மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்று கேட்கிறோம். பிறந்த சிசுவைப் பார்க்கப் போகிறவர்களும் முதலில் நிறத்தைத்தான் விசாரிக்கிறார்கள். நம் பெண் பிள்ளைகள் வாங்கிப் பூசும் வெளுப்பாக்கும் கிறீம்கள் சிலவற்றில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் கலந்திருக்கிறது. அந்தச் சிறுமி வேஷத்தின்மேல் ஆசைப்பட்டு மட்டும் அழவில்லை. தன் முகத்தை வெறுத்தே அழுதாள். அந்த வெறுப்பைப் பிள்ளை தானாகக் கற்றுக்கொண்டதல்ல. அவளுக்கு அதைக் கற்பித்தவர்கள் பெரியவர்களாகிய நாமே.

ஆதியாகமத்தில் யாக்கோபு ஆட்டுத்தோலைக் கைகளில் சுற்றி, தமையனின் ஆடையை உடுத்து, குருடான தகப்பன் முன் போய் நின்றான். நீ யார் என்ற கேள்விக்கு ஏசா என்று பொய் சொன்னான். ஆசி கிடைத்தது; ஆனால் வீட்டைவிட்டு ஓட நேர்ந்தது. பல ஆண்டுகளின் பின் யாபோக்கு ஆற்றங்கரையில், இரவு முழுவதும் தன்னோடு போராடியவர் மீண்டும் அவன் பெயரைக் கேட்டார். இம்முறை யாக்கோபு என்று தன் பெயரையே சொன்னான். அங்கேதான் அவனுக்குப் புதிய பெயரும் ஆசியும் கிடைத்தன.

நம் ஆலயங்களிலும் ஞானஸ்நானத் தொட்டியருகே குருவானவர் கேட்கும் முதற் கேள்வி, குழந்தையின் பெயரென்ன என்பதே. நிறத்தை எவரும் கேட்பதில்லை.

அந்தத் தாயாருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வேஷம் பாவமல்ல. அடுத்த விழாவுக்கும் பிள்ளைக்கு வேஷம் போடுங்கள். ஆனால் அவளுடைய நிறத்திலேயே அவள் அரசகுமாரியாகட்டும். விழா முடிந்ததும் கண்ணாடி முன் இருத்தி, உங்கள் கைகளாலேயே பூச்சைக் கழுவிவிடுங்கள். கழுவக் கழுவத் தெரியும் அந்த முகத்தை முத்தமிட்டு, "இந்த முகத்தைத்தான் ஆண்டவர் எனக்குத் தந்தார்" என்று சொல்லுங்கள். பரிசு பெற்ற முகத்தைவிட இந்த முகம் அம்மாவுக்கு அருமையானது என்று அவள் உங்கள் வாயிலிருந்தே கேட்கவேண்டும்.