சுவையும் சாட்சியமும்

ஒரு பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்வதும், அது நல்லது என்று சொல்வதும் ஒன்றாகுமா? எளிதாகத் தோன்றும் இவ்வினா, நாம் நாள்தோறும் உதிர்த்து வரும் கருத்துகள் பலவற்றின் அடித்தளத்தையே அசைத்துப் பார்க்க வல்லது. முன்னது சுவை பற்றியது. அதற்கு எவரும் கணக்குக் கேட்க முடியாது. பின்னதோ சாட்சியம், கேட்பவன் அதை நம்பி நடக்கிறான். இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும் இடங்களுள் முதன்மையானது திரைப்படம் பற்றிய பேச்சாகும்.

அமெரிக்காவில் கோடைக்காலம் திரைப்படங்களின் அறுவடைக்காலம். 1975 ஜூன் 20 அன்று ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ 400க்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒருசேர வெளியாகிப் பெருவெற்றி கண்டது. அதன்பின், பெரும் பொருட்செலவில் எடுத்த படங்களைக் கோடையில் வெளியிடுவது அந்நாட்டில் வழக்கமாயிற்று. படம் முடிந்ததும் அரங்க வாயிலிலேயே தீர்ப்பும் தொடங்கிவிடுகிறது. 1970களின் இறுதியில் தோன்றிய சினிமாஸ்கோர் என்னும் நிறுவனம், முதல்நாள் பார்வையாளரின் கையில் சீட்டைக் கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரம் இடுவதுபோல் படத்திற்குத் தரம் இடச் செய்கிறது.

2023 ஜூலை 21 அன்று இரு படங்கள் அங்கு ஒரே நாளில் வெளிவந்தன. ஒன்று, கிரெட்டா கெர்விக் இயக்கிய ‘பார்பி’. பெண் குழந்தைகள் விளையாடும் ஒரு பொம்மையின் கதை. மற்றொன்று, கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘ஓப்பன்ஹைமர்’. அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் தலைவரைப் பற்றிய மூன்று மணி நேரப் படம். இரண்டின் பெயர்களையும் ஒட்டி ‘பார்பென்ஹைமர்’ என்று ஒரு சொல்லையே ஆக்கிக்கொண்டனர் ரசிகர்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தோர் பலர். முன்னது உலகெங்கும் 140 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. பின்னது 95 கோடி டாலரைக் கடந்ததோடு, 2024 மார்ச்சில் ஏழு ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. ஒரு சாரார் வசூலைக் காட்டினால், மறுசாரார் விருதைக் காட்டலாம். ஆயினும் வசூல் எத்தனை பேர் வந்தனர் என்பதை மட்டுமே சொல்லும். விருது ஒரு குழுவின் விருப்பத்தை மட்டுமே சொல்லும். நான் என்ன கண்டேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

திறனாய்வுக்கு அரபு மொழியில் ‘நக்து’ என்று பெயர். நல்ல நாணயத்தையும் கள்ள நாணயத்தையும் பிரித்தறிவதே அச்சொல்லின் பழம்பொருள். பத்தாம் நூற்றாண்டு அறிஞர் குதாமா இப்னு ஜஅஃபர், கவிதையை ஆராயத் தாம் எழுதிய நூலுக்கு ‘நக்துஷ் ஷிஃர்’ என்றே பெயரிட்டார். தமிழிலோ இன்னும் ஒரு நயம் உண்டு. காசும் நாணயம், நேர்மையும் நாணயம். பொன்னையும் காசையும் சோதிப்போரை வண்ணக்கர் என்றனர் முன்னோர். காசைச் சோதிப்பவனிடமே நாணயம் இல்லையெனில், கடைத்தெரு முழுவதும் கெட்டுவிடும் அன்றோ?

அந்த நாணயத்தின் முதல் நிபந்தனை, கண்டதைச் சொல்வது. காணாததைச் சொல்வது சாட்சியம் ஆகாது. ஆனால் நடப்பது என்ன? வெளிவராத படத்தைப் பழிக்கவும் ஒரு கூட்டம் உண்டு. புகழவும் ஒரு கூட்டம் உண்டு. இதனாலேயே ராட்டன் டொமேட்டோஸ் என்னும் மதிப்பீட்டு நிறுவனம், படம் வெளியாகுமுன் பார்வையாளர் கருத்துரைப்பதை 2019 பிப்ரவரியில் நிறுத்தியது. அதே ஆண்டு மே மாதத்தில், நுழைவுச்சீட்டு வாங்கியதாக உறுதிசெய்யப்பட்டோரின் மதிப்பைத் தனியே காட்டவும் தொடங்கியது. சாட்சி அவ்விடத்தில் இருந்தானா என்று வழக்குமன்றம் கேட்கும் கேள்வியை ஒரு வணிக நிறுவனமும் கேட்க நேர்ந்தது.

இரண்டாம் நிபந்தனை, எதை எடைபோடுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்துவது. மரம் மட்டமானது என்பதற்காகத் தச்சனின் வேலையைக் குறைகூறலாகாது. அதுபோலவே பொருள் இழிந்தது என்பதற்காகக் கவிஞனின் கலையைக் குறைகூறலாகாது என்பது குதாமாவின் கருத்து. இதை முழுதும் ஏற்பது கடினம். எனினும், மரத்தை வேறாகவும் தச்சு வேலையை வேறாகவும் பார்க்கும் தெளிவை அது நமக்குத் தருகிறது.

‘ஓப்பன்ஹைமர்’ பற்றி எழுந்த வாதம் இத்தகையதே. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின்மீது குண்டு வீழ்ந்தது. மூன்று நாள் கழித்து நாகசாகியின்மீது வீழ்ந்தது. ஹிரோஷிமாவில் மட்டும் அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. அந்த அழிவைப் படம் நேராகக் காட்டவில்லை. நாயகன் தன் கண்ணால் காணாததைப் படமும் காட்டாதது கலைநெறிக்கு ஒத்ததே என்றனர் சிலர். மாண்டவர்களின் முகம் ஒன்றும் இல்லாமல் குண்டின் கதையைச் சொல்வது அறமாகுமா என்றனர் வேறு சிலர். முன்னவர் தச்சு வேலையைப் பேசினர். பின்னவர் மரத்தைப் பேசினர். இரு சாராரும் நேர்மையாளராக இருக்கக்கூடும். தாம் எதைப் பேசுகிறோம் என்பதை மறந்து ஒருவரையொருவர் அறிவிலிகள் என்று இகழும்போதே பிழை நுழைகிறது.

மூன்றாம் நிபந்தனை, நம் சொல் யார் காதில் விழும் என்று எண்ணுவது. அந்தக் கோடையில் பொம்மையையும் அணுகுண்டின் புகைமேகத்தையும் இணைத்து ரசிகர்கள் வேடிக்கைப் படங்கள் வரைந்தனர். ‘பார்பி’ படத்தாரின் அமெரிக்க விளம்பரப் பிரிவும் அந்த வேடிக்கையில் கலந்துகொண்டது. ஜப்பானில் கண்டனம் எழுந்தது. வார்னர் பிரதர்ஸின் ஜப்பானியக் கிளையே தன் தலைமையகத்தின் போக்கு வருந்தத்தக்கது என்று வெளிப்படையாகக் கூறியது. தலைமையகமும் மன்னிப்புக் கோரியது. வரைந்தவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தம் சிரிப்பு, உறவினரின் எலும்பைச் சாம்பலில் தேடியவர்களின் ஊருக்கும் எட்டும் என்பதை அவர்கள் எண்ணவில்லை, அவ்வளவே. ‘ஓப்பன்ஹைமர்’ ஜப்பானில் திரையிடப்பட்டது 2024 மார்ச் 29 அன்றுதான். அங்கும் கருத்துகள் பலவாறாக இருந்தன. ஹிரோஷிமாவின் முன்னாள் மேயர் ஒருவர், அணு ஆயுதத்தின் கொடுமை போதிய அளவு காட்டப்படவில்லை என்றார். அது பார்த்தபின் சொன்ன சொல். பட்டவர் ஊரிலிருந்து வந்த சொல். எத்தனை தர எழுத்துகளை இட்டாலும் அச்சொல்லின் எடைக்கு ஈடாகுமா?

பொழுதுபோக்குப் பேச்சுக்கு இத்தனை நிபந்தனைகளா என்று சிலர் கேட்கலாம். ஒருவரது சொல்லை நம்பி மற்றொருவர் தம் காசையும் நேரத்தையும் செலவிடுகிறார். நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு ஒரு வரியில் தள்ளப்படுகிறது. மேலும், சிறிய செய்திகளில் காணாததைக் கண்டதாகச் சொல்லிப் பழகிய நாவு, பெரிய செய்திகளில் மட்டும் திடீரென்று நாணயம் பெற்றுவிடாது.

ஆதலால், நம் பிள்ளைகள் ஒரு படத்தைப் புகழ்ந்தோ இகழ்ந்தோ பேசும்போது அவர்களை அதட்டி அடக்குவதைவிட, மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். நீ அதைப் பார்த்தாயா? நீ குறைசொல்வது எடுத்த விதத்தையா, எடுத்துக்கொண்ட பொருளையா? அதில் வரும் துன்பத்தை உண்மையில் பட்டவர் அருகிலிருந்தால் இப்படியே பேசுவாயா? இவற்றுக்கு விடை சொல்லப் பழகும் பிள்ளை, நாளை அயலாரைப் பற்றிப் பேசும்போதும் ஒருகணம் நின்று நிதானிக்கும். பிள்ளைகளிடம் கேட்குமுன், இக்கேள்விகளைப் பெரியவர்கள் தம்மிடமே ஒருமுறை கேட்டுக்கொள்வதும் நன்று.