மூன்று குவியல்

மன்னாருக்குக் கமராவோடு வருபவருக்குக் காட்சிப் பஞ்சம் இல்லை. பள்ளிமுனையின் பருத்த பெருக்கமரம், வங்காலைப் பக்கத்துச் சதுப்பில் பருவத்துக்கு வந்து நிற்கும் பூநாரைகள், தீவின் தென்கரையில் 2020இல் இயங்கத் தொடங்கிய 30 காற்றாலைகள் எல்லாம் உண்டு. இவற்றை எத்தனை பேர் எத்தனை முறை படமெடுத்தாலும் எவருக்கும் ஒன்றும் குறையாது. பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ வலையருகே குந்தியிருக்கும் ஒரு முதியவரின் முகத்தை நெருங்கி எடுத்து, ஆளுயரத்துக்கு அச்சிட்டு, கொழும்பிலோ லண்டனிலோ விலை வைக்கும்போது சங்கடம் தொடங்குகிறது. அந்த விலையில் அந்த முகத்துக்குப் பங்கு உண்டா?

படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டவர் பெரும்பாலும் இரண்டு வாழ்க்கை வாழ்கிறார். கலியாண வீடும் ஹோட்டல் விளம்பரமும் அடுப்பை எரிய வைக்கின்றன. கண்காட்சிச் சுவர் பெயரைத் தருகிறது. இலங்கையின் கலைப் புகைப்படத்துக்கு முன்னோடியான லயனல் வென்ட்கூட லேக் ஹவுஸின் வணிக ஸ்ரூடியோவான சித்ராஃபோட்டோவில் வேலை பார்த்தவர்தான். விளம்பரப் படம் வயிற்றுப்பாடு, கலைப் படம் உயர்ந்தது என்று எல்லோரும் பேசிக்கொள்கிறோம். அழகை மட்டும் பார்த்தால் அது சரியாகவும் இருக்கலாம். கணக்கைப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. சவர்க்கார விளம்பரத்தில் சிரிக்கும் பெண் கையெழுத்திட்டிருக்கிறாள், கூலி வாங்கியிருக்கிறாள், தன் முகம் எந்தப் பலகையில் எத்தனை மாதம் தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். கருவாடு காயவைக்கும் பெண்ணிடம் யாரும் தாள் நீட்டுவதில்லை. அவளுடைய படத்துக்குக் கீழே ஊர்ப் பெயரும் ஆண்டும் இருக்கும். பெயர் அனேகமாக இருக்காது.

சட்டம் இங்கே கலைஞரின் பக்கம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை படைத்தவருக்கு வாழ்நாள் முழுதும் உண்டு, இறந்த பின்னும் 70 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உண்டு. படத்தில் இருப்பவர் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இதே கரையில் வேறொரு கணக்கு நடந்திருக்கிறது. அரிப்பு, சிலாபத்துறை, மருச்சுக்கட்டிப் பக்கத்து முத்துப்பார்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு நடந்தபோது, கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் வந்த குளியாட்கள் கல்லைப் பிடித்து இறங்கி, மூச்சடக்கி, சிப்பி அள்ளி வந்தார்கள். கரை சேர்ந்ததும் சிப்பியைச் சரிசமமாக மூன்று குவியலாகப் பிரிப்பது அவர்கள் வேலை. எந்த இரண்டு குவியல் அரசுக்கு என்று தெரிவுசெய்வது அதிகாரியின் வேலை. எஞ்சிய ஒன்று குளித்தவர்களுக்கு. பிரிப்பவர் ஒருவர், தெரிவுசெய்பவர் இன்னொருவர் என்பதால் ஏமாற்ற வழி குறைவு. இதைக் காலனி அரசின் பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம். பங்கு கொடுக்காவிட்டால் ஆள் இறங்கமாட்டான், இறங்கினாலும் முத்தை ஒளிப்பான் என்பது அந்த அரசுக்குத் தெரியும். தயவில் பிறக்காத ஒழுங்கு என்பதாலேயே அது நம்பத்தக்கதாகவும் இருந்தது.

கமராக்காரர் விஷயத்தில் பிரிப்பதும் அவரே, தெரிவுசெய்வதும் அவரே. எந்த முகம், எந்தக் கோணம், எந்தச் சுவர், என்ன விலை, யாருக்கு எவ்வளவு என எல்லாம் ஒரே கையில். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் நல்லவராக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை.

காசு கொடுத்தால் காட்சி கெட்டுவிடும் என்பார்கள். வெறும் சாட்டு என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஸ்டீவ் மக்கரி 1995இல் வெலிகமவில் எடுத்த, கம்புகளில் அமர்ந்து தூண்டில் போடும் மீனவர்களின் படம் உலகம் சுற்றியது. இன்று அந்தத் தென்கரையில் கம்பில் ஏறுபவர்களில் பலர் மீனுக்காக ஏறுவதில்லை. படமெடுக்க வருபவரின் காசுக்காக ஏறுகிறார்கள். உண்மை நடிப்பாகிவிட்டது என்று பயணிகள் குறைப்படுவதைக் கேட்கலாம். கம்பில் ஏறுபவன் அங்கே மொடலாகக் கூலி வாங்குகிறான். கெட்டது பார்ப்பவரின் கற்பனைதான். இருந்தாலும் முன்கூட்டியே கொடுக்கும் கூலிக்கும், விற்ற பின் கொடுக்கும் பங்குக்கும் வேறுபாடு உண்டு. கூலி ‘இப்படி நில்’ என்று கட்டளையிடும். பங்கு நடந்ததை நடந்தபடியே விட்டுவிட்டுப் பின்னால் வரும். முப்பது பேர் வலை இழுக்கும் படத்தில் யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால், கரையோரக் கிராமங்களில் மீனவர் சங்கங்கள் இருக்கின்றன. கேட்க மனமிருந்தால் முகவரி கிடைக்கும்.

ஆனால் மன்னாரில் முகத்தின் விலை காசோடு முடிவதில்லை. போர்க்காலத்தில் தள்ளாடிச் சோதனைச் சாவடியைக் கடந்து தீவுக்குள் போய்வந்தவர்களுக்கும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன் வரிசையில் நின்றவர்களுக்கும் முகம் அடையாளம் காணப்படுவது என்றால் என்னவென்று தெரியும். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியில் நிற்கும்போது, எதிர்ப்பக்கத்திலிருந்து புலனாய்வுக்காரர் படமெடுப்பது வடக்கில் புதிதில்லை. அந்தக் கமராவும் கலைஞரின் கமராவும் அவர்களுக்கு ஒன்றுபோலவே தெரிவதில் வியப்பென்ன? ஆகவே பங்கு என்பதில் மறுக்கும் உரிமையும், பிறகு ‘எடுத்துவிடு’ என்று சொல்லும் உரிமையும் சேர வேண்டும்.

அந்தத் தாய்மார் மார்போடு பிடித்திருக்கும் படங்களையும் பார்க்க வேண்டும். அனேகமானவை அடையாள அட்டைக்கோ பாடசாலைத் தேவைக்கோ ஊர் ஸ்ரூடியோவில் எடுத்து, பின்னர் பெரிதாக்கி லமினேற் செய்தவை. எடுத்தவர் பெயர் எங்கும் இல்லை. காசு வாங்கி, பிரதி கொடுத்து, கணக்கு முடித்தவர் அவர். இந்தக் கரையின் மிகக் கனத்த படங்கள் அவருடையவை என்பதைக் கலைக்கூடங்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பங்கு வாங்க ஆளில்லாத படம்தான் மிகக் கடினமானது. 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்குத் தோண்டிய இடத்தில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுள் சிறுவர்களுடையவையும் இருந்தன. அமெரிக்க ஆய்வுகூடத்தின் கரிமக் கணிப்பு அவற்றை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்துக்குத் தள்ளியது. உறவுகளைத் தேடுவோரில் பலர் அதை ஏற்கவில்லை. அந்தக் குழியின் படங்கள் எடுக்கப்பட்டே ஆகவேண்டும், நீதிமன்றத்துக்கும் ஆவணத்துக்கும் செய்திக்கும் போகவேண்டும். சட்டகமிட்டு, இலக்கமிட்டு, வரையறுத்த பிரதிகளாக விற்பனைக்கு வருவது வேறு. அங்கே குவியலைப் பிரிக்க ஒருவர் இருக்கிறார். எதிரில் நின்று தெரிவுசெய்ய எவரும் இல்லை. விற்காமல் இருப்பதே அங்கே சரி. அதனால் ஒரு நல்ல படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும் என்றால், கிடக்கட்டும்.