செல்லாக் காசின் மதிப்பு

பயன்பட்ட பொருள் உயர்ந்ததா? பயன்படாமல் காக்கப்பட்ட பொருள் உயர்ந்ததா? பயன்பட்டதே உயர்ந்தது என நாம் தயங்காது விடையிறுப்போம். ஆயின், பழம்பொருள் சேகரிப்போர் கூடும் சந்தையில் இவ்விடை தலைகீழாகி விடுகிறது.

நம் சிங்கப்பூர் வரலாற்றிலிருந்தே ஒரு சான்று காண்போம். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் இத்தீவு ஜப்பானியர் வசமாயிற்று. அவர்கள் வெளியிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் இருந்தமையால், அந்நாணயத்தை மக்கள் வாழைமர நோட்டு என்றனர். தொடக்கத்தில் வரிசை எண்களுடன் வந்த நோட்டுகள், பின்னர் எண்ணுமின்றி அளவுமின்றி அச்சிடப்பட்டன. விலைவாசி வானளாவியது. 1945இல் மீண்டும் வந்த பிரித்தானியர் அந்நோட்டு செல்லாது என்றனர். மூன்றரை ஆண்டு உழைப்பின் சேமிப்பு வெறுங்காகிதமாயிற்று.

அக்காகிதத்தை இன்று சேகரிப்போர் விலைகொடுத்து வாங்குகின்றனர். மிகுதியாக அச்சிடப்பட்ட எண்ணில்லாத் தாளுக்கு விலை குறைவு. எண்ணுடைய முற்காலத் தாளுக்கு விலை மிகுதி. அதிலும் மடிப்பும் கறையும் இல்லாத தாளுக்கே முதலிடம். சற்றே எண்ணிப் பாருங்கள். கசங்கிய தாள் எது? அரிசிக்கும் மரவள்ளிக் கிழங்குக்குமாகக் கைமாறிய தாள். ஒரு தாயின் முந்தானையில் முடியப்பட்ட தாள். அதற்கு விலை தாழ்வு. எவர் பசியையும் தீர்க்காத தாளுக்கோ விலை உயர்வு!

அமெரிக்காவிலும் இதே கதைதான். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் தாங்கிய அட்டைகள் அங்கே சூயிங்கத்தோடு சிறுவர்க்கு விற்கப்பட்டன. சிறுவர் அவற்றை வைத்து விளையாடினர், கசக்கினர், எறிந்தனர். அவற்றுள் மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டையொன்று, புதுப்பொலிவு குன்றாதிருந்தமையால், 2022இல் 1 கோடியே 26 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போயிற்று. பழைய அட்டைகளின் விலையேற்றம் கண்டு, 1980களின் பிற்பகுதியில் பலர் புதிய அட்டைகளை வாங்கிப் பிரிக்காமலே பதுக்கினர். நிறுவனங்களும் மலைமலையாய் அச்சிட்டுத் தள்ளின. எல்லாரும் காத்தமையால் எதுவும் அரிதாகவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை இன்றும் விலைபோவதில்லை. பெருமளவில் செய்யப்படும் பொருளுக்கு அருமையைத் தருவது, பிறர் அதனை இழந்த இழப்பே என்பது இதனால் விளங்கும்.

சேகரிப்போரைப் பழிப்பது நம் கருத்தன்று. அவர்கள் காத்திராவிடில் அக்காலச் சான்றுகள் பல அழிந்திருக்கும். ஆயினும், விலை வேறு, மதிப்பு வேறு. விலை, எத்தனை எஞ்சியுள்ளன என்று கேட்கிறது. மதிப்போ, எவர் வாழ்வில் என்ன செய்தது என்று கேட்கிறது. தமிழில் 'பொருள்' என்னும் ஒரு சொல்லே செல்வத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். இரண்டாவதை மறந்து முதலாவதை மட்டும் எண்ணுவோர் பாதிப் பொருளையே அறிந்தவராவர்.

சிராங்கூன் சாலையை அடுத்து வாழ்ந்த ஒரு முதியவரின் தகரப்பெட்டியில் கசங்கிய வாழைமர நோட்டு ஒன்று கிடைக்குமாயின், அது என்ன விலை பெறும் என்று மாணவர் கேட்பது இயல்பே. அதற்குமுன் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: செல்லாது என்று தெரிந்தபின்னும் அவர் அதனை ஏன் எறியவில்லை?