மூக்கை மாற்றினால் முகராசி மாறுமா?

சாரல் சீஸனில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் குடை எடுத்துப் போவதில் அர்த்தமே இல்லை. காற்றோடு பக்கவாட்டில் வந்து முகத்தைத் தடவிவிட்டுப் போகும் அந்தத் தூறல். பேரருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு குற்றாலநாதர் சன்னதிக்கு வந்த கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். சித்திரசபையைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன். ஊர் திரும்பும்போது மனசில் இருந்தது வேறொரு கேள்வி.

அந்தக் கேள்வியைக் கொடுத்தவர் தென்காசியைச் சேர்ந்த ஒரு பெண்மணி. வயது ஐம்பதுக்குப் பக்கம் இருக்கும். மகளையும் அழைத்து வந்திருந்தார். குழல்வாய்மொழி அம்மை சன்னதியில் மகள் பிராகாரம் சுற்றப் போன நேரம் பார்த்து, என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

''நீங்க பத்திரிகையில எழுதுறவங்கன்னு சொன்னாங்க. ஒண்ணு கேக்கணும்மா. மூணு இடத்துல இருந்து வந்து பொண்ணைப் பாத்துட்டுப் போயிட்டாங்க. படிப்பு இருக்கு, வேலை இருக்கு. மூக்குதான் கொஞ்சம் பெரிசுன்னு தரகர்கிட்ட சொல்லி அனுப்புதாங்க. ஆபரேஷன் பண்ணி சின்னதாக்கிடலாம்னு என் தம்பி பெண்டாட்டி சொல்லுதா. நகையில கொஞ்சத்தை வித்தாப் போதுமாம். ஆனா, சாமி கொடுத்த மூஞ்சியை மாத்தினா பாவம் வந்துருமோன்னு பயமா இருக்கு!''

சட்டென்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 'பாவம்தான்' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். ஆனால், நாம் உட்கார்ந்திருந்த இடமே அப்படிச் சொல்ல விடவில்லை!

வாசலில் நிறுத்தப்பட்ட முனிவர்

குற்றாலத்தின் தலபுராணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முன்பு இங்கே பெருமாள் கோயில் இருந்ததாம். சிவச் சின்னங்களோடு வந்த அகத்தியரை உள்ளே விடவில்லை. குறுமுனி மனம் வருந்தி, பக்கத்தில் உள்ள இலஞ்சிக்குப் போய் முருகனிடம் முறையிட்டார். 'வைணவர் கோலத்தில் போ' என்று வழி சொன்னான் குமரன். நாமம் தரித்து வந்தவரை வரவேற்று உள்ளே அழைத்தார்கள். சன்னதிக்குள் போன அகத்தியர், நின்ற திருமேனியின் தலையில் கை வைத்து அழுத்த, அது குறுகிச் சிவலிங்கமானது என்பது ஐதீகம். ஹரியும் ஹரனும் ஒன்றே என்பதைத்தான் இதிலிருந்து பெரியவர்கள் எடுத்துச் சொல்வார்கள்.

என் கண்ணுக்கு அன்று இன்னொன்றும் தெரிந்தது. தோற்றத்தைப் பார்த்து வாசலில் நிறுத்தப்பட்டவர் ஒரு மகா முனிவர். மூன்று இடத்தில் தட்டிக் கழிக்கப்பட்ட அந்தப் பெண்ணின் வலி அவருக்கும் தெரிந்திருக்கும். உள்ளே போவதற்காக அவர் தம் கோலத்தை மாற்றிக்கொண்டார். சுவாமியும் தம் திருமேனி மாறுவதற்கு இடம் கொடுத்தார். இப்படிப்பட்ட தலத்தில் உட்கார்ந்துகொண்டு, 'உருவத்தை மாற்றுவதே பாவம்' என்று எப்படிச் சொல்வது?

நம் வீட்டு வழக்கத்தையே பாருங்களேன். குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறோம். மூக்குத்தி போடுகிறோம். பல் எடுப்பாக இருந்தால் கம்பி கட்டுகிறோம். நரைக்கு மை பூசுகிறோம். 'இறைவன் கொடுத்தது கொடுத்தபடியே இருக்க வேண்டும்' என்று நாம் வாழவில்லை.

சிதைந்ததைச் சீராக்குவது

மூக்கைச் சீராக்கும் வைத்தியமும் நமக்குப் புதிதல்ல. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு மறுபடி அமைக்கும் முறையைச் சுஸ்ருதர் சொல்லியிருக்கிறார். திப்பு சுல்தானுடன் நடந்த போரில் மூக்கு அறுக்கப்பட்ட ஒரு மாட்டுவண்டிக்காரருக்கு, புனே பக்கத்தில் நெற்றித் தோலை எடுத்து மூக்கு அமைத்த செய்தி, 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வெளிவந்தது. மேல்நாட்டு டாக்டர்கள் அதைப் பார்த்துதான் இந்த முறையைக் கையில் எடுத்தார்கள்.

தென்காசி கோபுரத்தை நினைத்துப் பாருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விஸ்வநாதருக்குக் கோயில் எடுத்த பராக்கிரம பாண்டியர், 'பிற்காலத்தில் இதற்குப் பழுது வந்தால், அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும் அவர் பாதங்களை வணங்குகிறேன்' என்ற பொருளில் கல்வெட்டுப் பொறித்து வைத்தார். அவர் பயந்தது போலவே ராஜகோபுரம் சிதைந்து, பிளந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. ஒன்பது நிலைகளோடு மறுபடி எழும்பி, 1990-ல் கும்பாபிஷேகம் கண்டது. சிதைந்ததைச் சீராக்குவது வணங்கத்தக்க காரியம் என்று சொன்னவர் ஒரு ராஜா!

தீயில் வெந்த முகம், ஆசிட் பட்ட முகம், உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தை... இவர்களுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை இந்த வகை. உதட்டுப் பிளவுக்குக் கிரகணத்தைக் குற்றம் சொல்லி, பெற்றவளைப் பழித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போவதே புண்ணியம். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

பழுதே இல்லாதபோது?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பெண்ணின் மூக்கில் பழுது இல்லை. நன்றாக மூச்சு விடுகிறது; மல்லிகையை முகர்கிறது. அப்படியிருக்க, வெறும் அழகுக்காகக் கத்தி வைக்கலாமா?

2018-ல் நம் மாநிலத்திலேயே இந்த விவாதம் எழுந்தது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மார்பகச் சீரமைப்பு அறுவை சிகிச்சையைப் புற்றுநோய் போன்ற காரணங்கள் இல்லாதவர்களுக்கும் இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தார்கள். பணக்காரர்களுக்குக் கிடைப்பது ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது, கிடைக்காவிட்டால் கடன் வாங்கிக்கொண்டு ஆபத்தான இடங்களைத் தேடிப் போவார்களே என்றது அரசுத் தரப்பு. உயிர் காக்கும் வைத்தியத்துக்கே பணம் போதாதபோது இது தேவையா என்று கேட்டார்கள் எதிர்த்தவர்கள். இரண்டிலும் நியாயம் இருந்தது. தோற்றத்தால் வரும் மனவேதனையை 'அற்பம்' என்று ஒதுக்க யாருக்கும் உரிமை இல்லை. அதை அனுபவித்தவருக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

ஆனால், ஆரோக்கியமான உடம்பை மேஜையில் படுக்க வைப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. 2016-ல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சை செய்துகொண்ட இளைஞர் ஒருவர், இரண்டே நாளில் உயிரிழந்தார். அவர் இறுதியாண்டு மருத்துவ மாணவர்! மயக்க மருந்து, ரத்தப்போக்கு, கிருமித் தொற்று... எந்த ஆபரேஷனுக்கும் இந்த அபாயங்கள் உண்டு. நோய்க்காக அபாயத்தை ஏற்பது வேறு. நோயே இல்லாதபோது ஏற்பது வேறு.

அது மட்டுமா? குற்றாலநாதருக்குத் தைலாபிஷேகம் விசேஷம். ஏன் தெரியுமா? அகத்தியர் அழுத்தியதில் சுவாமிக்குத் தலைவலி வந்ததாம். அதைத் தணிக்கத்தான் மூலிகைத் தைலம்! உருவம் மாறியதன் வலி ஆண்டவனுக்கே தீரவில்லை என்றால், நாம் எம்மாத்திரம்?

புனிதவதியார் கேட்ட வரம்

உருவம் மாற வேண்டும் என்று இறைவனிடமே கேட்ட ஒரு பெண்ணும் நம்மிடையே உண்டு. காரைக்கால் புனிதவதியார்! கணவன் விலகிப் போன பிறகு, 'அவருக்காகத் தாங்கிய இந்த அழகு இனி எனக்கு வேண்டாம்' என்று சொல்லிப் பேய் வடிவம் பெற்றார். அதன்பின் யார் கண்ணுக்கும் அவர் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் அம்மையார் ஆக முடியாது. ஆனாலும், அவரிடமிருந்து ஒரு கேள்வியைக் கடன் வாங்கலாம். இந்த மாற்றத்துக்குப் பிறகு நான் மற்றவர் பார்வையிலிருந்து விடுபடுவேனா, அல்லது அதற்கு இன்னும் கட்டுப்படுவேனா? பல வருடமாக உறுத்திய ஒன்றைச் சரிசெய்துகொண்டு, அதை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிறவர் விடுபடுகிறார். வந்தவர் சொன்னதற்காக மூக்கை மாற்றுகிறவர், அடுத்து வருபவர் சொல்வதற்காகத் தாடையையும் மாற்ற வேண்டி வரலாம்.

பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பார்வையில் கோளாறு. அதற்குக் கத்தி இந்தப் பெண்ணின் முகத்திலா? வியாதி ஒருவருக்கு, வைத்தியம் இன்னொருவருக்கா?

'இதெல்லாம் எழுதுவதற்கு நன்றாக இருக்கும். உலகம் திருந்தும் வரை என் பொண்ணு காத்திருக்க முடியுமா?' என்று அந்தத் தாய் கேட்டிருந்தால் அதிலும் நியாயம் உண்டு. அதனால், எனக்குத் தோன்றியதை அவரிடம் இப்படிச் சொன்னேன்.

''சாமி கோபிக்க மாட்டார்ம்மா. அந்தப் பயத்தை விடுங்க. ஆனா, இதை முடிவு பண்ண வேண்டியது உங்க பொண்ணு. அவளே ஆசைப்பட்டாக்கூட, ஒரு மண்டலம், 48 நாள் பொறுங்க. அந்த நாள்ல யாரும் மூக்கைப் பத்திப் பேசக் கூடாது. அதுக்கு அப்புறமும் அவ மனசு மாறலைன்னா, முறையாப் படிச்ச டாக்டர்கிட்ட ஆபத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, கடன் இல்லாமச் செய்யுங்க. தரகர் சொன்னார்ங்கிறதுக்காக மட்டும் செய்யாதீங்க!''

அவர் தலையாட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கினார். ''அவகிட்ட இதுவரைக்கும் நான் கேக்கவே இல்லையேம்மா...''

மகள் பிரசாதத்தோடு வந்தாள். அம்மா கேட்டேவிட்டார். அந்தப் பெண் நெற்றியில் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: ''இது ஆச்சி மூக்கும்மா. ஆச்சி போட்டோவுல இருக்கிறதுதானே எனக்கும் இருக்கு? நீங்க அழாம இருந்தாப் போதும், எனக்கு ஒண்ணும் இல்ல.''

அந்தத் தாய் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதமாக மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் முழு முகத்தையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை குற்றாலம் போனால், தைலக்காப்புப் பிரசாதத்தை வாங்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் மகளையோ, மருமகளையோ, கண்ணாடியில் தெரியும் உங்களையோ கடைசியாக எப்போது குறை தேடாமல் பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பார்வையைக் கொடு என்று குழல்வாய்மொழி அம்மையிடம் கேளுங்கள். அவள் கொடுப்பாள்!